கொரோனாக் கால உளநல ஆய்வு: அரச நிதியா, வெளிநாட்டு நிதியா?

2021 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கொரோனாவின் உளநலப் பாதிப்பை ஆராய எங்கள் குழுவுக்கு இரண்டு வழிகள் கிடைத்தன. ஒன்று அரச ஆராய்ச்சி நிதி: ரூபாயில், மூன்று வருடத்துக்கு. மற்றது வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் நிதி: பவுணில், பத்து மாதத்துக்கு, ஏறக்குறைய மூன்று மடங்கு தொகை. அரச நிதியை எடுத்தோம். இன்று கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன்.

வேகத்திலும் தொகையிலும் வெளிநாட்டு நிதிதான் மேல். இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவதே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம். எங்கள் முதற் கட்டப் பணம் ஐந்து மாதம் பிந்தியது. இரண்டு டப்லெட் வாங்க மூன்று விலைக்கோரல். குறிகட்டுவானுக்குப் போன ஓட்டோவுக்குப் பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டார்கள். எந்த ஓட்டோக்காரர் எழுதித் தருவார்? 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது எங்களுக்கு ஒதுக்கிய தொகை ஒரு சதமும் ஏறவில்லை. பவுணில் வாங்கியிருந்தால் அந்த அடி விழுந்திராது.

இவ்வளவுக்குப் பிறகும் அரச நிதி என்று சொல்வதற்கு ஒரே காரணம், அதில் அதே வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்.

பத்து மாதத் திட்டம் ஒருவரை ஒரு தடவைதான் பார்க்கும். மனச்சோர்வை அளக்க நாங்கள் பாவித்த பி.எச்.கியூ-9 படிவத்தில் ஒன்பது கேள்விகள். மொத்தப் புள்ளி 27. 10 ஐத் தொட்டால் மேலும் பரிசோதிக்க வேண்டும். அது கேட்பது கடந்த இரண்டு கிழமையைப் பற்றி மட்டும். போரையும் 2004 சுனாமியையும் கண்ட ஊரில், ஒரு தடவை எடுத்த புள்ளியில் கொரோனா கொண்டுவந்தது எது, முன்பே கிடந்தது எது என்று பிரிக்க ஏலாது.

கரையோரக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மா. கணவர் 2021 ஓகஸ்டில் கொரோனாவில் இறந்தார். டிசம்பரில் நாங்கள் போனபோது எல்லாக் கேள்விக்கும் "அப்பிடி ஒண்டும் இல்லை" என்றார். புள்ளி 2. அடுத்த வருடம், பெற்றோல் வரிசைக் காலத்தில், 6. 2023 இல் மூன்றாம் தடவை போனபோது கதிரையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு இருந்துகொண்டு சொன்னார்: "தம்பி, அவருக்குச் செத்தவீடே நடக்கேல்லை. முகத்தைக்கூடப் பாக்க விடேல்லை. ஊரடங்கில அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கும் போகேலாமப் போச்சு. அதையேதான் யோசிக்கிறன்." (அந்தியேட்டி இறந்தவருக்குச் செய்யும் கிரியை; அதற்குப் போகும் கடற்கரைத் தலம் கீரிமலை.) அன்று புள்ளி 14. அடுத்த கிழமை தெல்லிப்பளை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம்.

2022 இன் நெருக்கடியும் அந்த 14 இல் சேர்ந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தடவைதான் போயிருந்தால் எங்கள் அட்டவணையில் அவர் "பாதிப்பில்லாதவர்".

பிரித்தானியாவில் 1946 மார்ச்சில் பிறந்த ஒரு தொகுதியினரை அரச ஆராய்ச்சிப் பணத்தில் இன்றுவரை பின்தொடர்கிறார்கள். 2020 மே மாதத்தில் அவர்களிடமும், 1958, 1970 இல் பிறந்தவர்கள் உட்பட வேறு நான்கு தொகுதியினரிடமும் கொரோனாக் கேள்விகளைக் கேட்க முடிந்தது. தொற்றுக்கு முந்திய மனநிலைப் பதிவு ஆய்வாளர்களின் கையில் இருந்தது. முதல் வருடத்தில் பதட்டமும் மனச்சோர்வும் உலகளவில் 25 சதவீதம் கூடின என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. கூடியது என்று சொல்ல முந்திய அளவு வேண்டும். எங்களிடம் அது இல்லை. பிந்தியதையாவது தொடர்ந்து எடுத்து வைக்க வேண்டும்.

நான் கண்டது குறுகிய கால வெளிநாட்டு நிதியை மட்டும். ஐந்து வருட நிதி கிடைத்தவர்கள் வேறு கதை சொல்லக்கூடும். இன்னொன்று: "அரசாங்கத்தின்ர காசோ?" என்று கேட்டு இரண்டு வீடுகள் படலையைச் சாத்தின. காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்களிடம் போகும் ஆய்வென்றால் நானும் அரச நிதிக்குத் தயங்குவேன்.

அரச நிதிக்கு விண்ணப்பிப்பவர்கள் இரண்டாம், மூன்றாம் வருகைக்கான பயணச் செலவைப் பாதீட்டில் தனித்தனி வரியாகப் போடுங்கள். "ஏனைய செலவு" என்பதற்குள் போட்டால் முதலில் வெட்டுவது அதைத்தான். எங்களுடையது தனி வரியில் இருந்தபடியால் 2022 இலும் தப்பியது.