ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் ஸ்விஃப்ட்

2024 மே மாதம் இந்தியாவில் அறிமுகமான நான்காம் தலைமுறை மாருதி சுசூகி ஸ்விஃப்ட்டின் மூன்று சிலிண்டர், 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் புதிதில் சற்று இறுக்கமாகவே இருந்தது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரின் நுண்ணிய வரிகளோடு தேய்ந்து முழுமையாகப் படியும்வரை உராய்வு மிகுந்திருக்கும் என்பதால், முதல் ஆயிரம் கிலோமீட்டர்வரை எஞ்சினை உச்சச் சுழற்சிக்கு விரட்டாமலும், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நெடுநேரம் செல்லாமலும், வேகத்தை ஏற்றி இறக்கியே ஓட்டினேன். முதல் இலவச சர்வீஸை ஒட்டி மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. மேம்பாலம் ஏறுகையில் இழுவை சீரானது. கியர்கள் தயக்கமின்றி விழுந்தன. மைலேஜும், எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் வகையில், மெல்ல உயர்ந்தது. எஞ்சினுக்குப் புதிய வலு எதுவும் வந்துவிடவில்லை, உராய்வில் வீணாகும் பங்குதான் குறைந்திருக்கிறது. ஆகவே முதல் டேங்க் பெட்ரோலின் கணக்கை வைத்து இவ்வண்டியை மதிப்பிடுவது நியாயமன்று. மூன்று சிலிண்டருக்கே உரிய மெல்லிய அதிர்வு மட்டும், சிக்னலில் நிற்கும்போது இன்னமும் உணரப்படுகிறது.