குன்னூரில் ஒரு பல் ஸ்கேன் மையம்: தாடைக் கட்டி சந்தேகத்தோடு போகிறவர்களுக்கு

நீலகிரியில் பல் மருத்துவர்கள் சீட்டு எழுதி அனுப்பும் ஸ்கேன் மையங்களில் குன்னூரில் உள்ள ஒன்றைப் பற்றியது இந்த விமர்சனம். பெயர் வேண்டாம். இங்கே சொல்வதை எந்த மையத்துக்குப் போனாலும் வைத்துப் பார்க்கலாம். சில குறிப்புகள் நோயாளிக்கு, சில சீட்டு எழுதும் பல் மருத்துவருக்கு. அங்கே ஓபிஜி (இரு தாடையும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்ரே) எடுக்கிறார்கள், சிபிசிடி (தாடையின் முப்பரிமாண ஸ்கேன்) எடுக்கிறார்கள், கிளினிக்கில் வெட்டியெடுத்த திசுவை வாங்கிக் கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்புகிறார்கள். படம் எடுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரிப்போர்ட் சுமார். திசு அனுப்பும் வேலையை மட்டும் மருத்துவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓபிஜி எடுப்பவர் பொறுமைசாலி. மலையில் எல்லோரும் ஸ்வெட்டர், மப்ளர், ஜிப் வைத்த ஜெர்கின் சகிதம் வருவார்கள். கம்மல், மூக்குத்தி, சங்கிலியோடு அவற்றையும் கழற்றச் சொல்கிறார். கழுத்தருகே உலோகம் இருந்தால் அதன் நிழல் எதிர்ப்பக்கத் தாடையில் சற்று மேலே மங்கலாக விழும். அதைக் கட்டி என்று நினைத்துவிடக்கூடும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைக்கச் சொல்லி, படம் முடியும்வரை நினைவூட்டுகிறார். நாக்கு இறங்கினால் மேல்பல் வேர்களின் மேல் கறுப்புப் பட்டை விழும். கூன் போட்டு நின்றால் கழுத்தெலும்பின் வெள்ளை நிழல் முன்பற்களை மறைக்கும். ஆனால் ஓபிஜிக்கே உரிய எல்லை ஒன்று உண்டு. தாடையின் முன்பகுதியில் கூர்மையாக விழும் பட்டை மிகக் குறுகியது. கோரைப்பல்லுக்கு முன்னால் வீக்கம் இருந்தால் ஓபிஜியோடு நிறுத்தாமல், சிறு பல் படமும் கடித்து எடுக்கும் அக்லூசல் படமும் கேளுங்கள். எலும்பு கன்னப்பக்கம் உப்பியிருக்கிறதா, நாக்குப்பக்கமா என்பது அக்லூசலில்தான் தெரியும்.

சிபிசிடிதான் இந்த மையத்தின் பலம். இம்ப்ளான்ட்டுக்குப் போதுமான 5 செ.மீ. சதுரத்தை எல்லோருக்கும் எடுத்துத் தள்ளாமல், சீட்டில் கட்டி சந்தேகம் என்று இருந்தால் மருத்துவருக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள். கீழ்த்தாடைக் கட்டிக்கு இரு பக்க மூட்டும் சேர்ந்த முழுத் தாடை வேண்டும். கட்டியின் ஓரம் படத்துக்கு வெளியே போய்விட்டால் அறுவை சிகிச்சை நிபுணர் மறுபடி எடுக்கச் சொல்வார், கதிர்வீச்சும் இரட்டிப்பாகும். 0.2 முதல் 0.3 மி.மீ. வாக்சல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கனப்புள்ளி) போதும். அதைவிட நுணுக்கமாக எடுக்கப் போனால் நேரமும் கதிர்வீச்சும் கூடும், நோயாளி அசைந்தால் எல்லாம் கலங்கிவிடும். பிரின்ட் மட்டும் கொடுத்து அனுப்பாமல் டைகாம் கோப்பை (ஸ்கேனின் மூல டிஜிட்டல் பதிவு) பென் டிரைவில் தருகிறார்கள். ஓரத்தை அளந்து வெட்டும் எல்லையைக் குறிக்க அந்தக் கோப்பு கட்டாயம் வேண்டும். சிபிசிடியில் மென்திசு சரியாகத் தெரியாது, சாம்பல் நிற அளவை வைத்து உள்ளே நீரா திசுவா என்று சொல்லவும் முடியாது. எலும்புச் சுவர் உடைந்து கட்டி வெளியே வந்திருந்தால் கான்ட்ராஸ்ட் சிடியோ (மருந்து ஏற்றி எடுக்கும் சிடி) எம்ஆர்ஐயோ தேவை.

ரிப்போர்ட்டில்தான் ஏமாற்றம். கறுப்பு நிழல் எதைக் கண்டாலும் 'நீர்க்கட்டி எனத் தெரிகிறது' என்று முடித்துவிடுகிறார்கள். முளைக்காத ஞானப்பல்லைச் சுற்றிய நிழல் குறைந்தது மூன்று நோய்களில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். சாதாரண டென்டிஜரஸ் நீர்க்கட்டி பல்லின் கிரீடத்தைச் சூழ்ந்து, எனாமலும் வேரும் சேரும் கழுத்தில் ஒட்டி நிற்கும். கெரட்டோசிஸ்ட் என்ற, எடுத்தாலும் திரும்ப வரக்கூடிய நீர்க்கட்டி எலும்பின் உட்புறமாக நீளவாட்டில் ஊர்ந்து போகும். பல அங்குலம் பரவியும் கன்னம் உப்பாது, அதனால்தான் தாமதமாக அகப்படுகிறது. அமிலோபிளாஸ்டோமா என்ற, பல் உருவாகும் திசுவில் கிளம்பும் கட்டி எலும்பை இரு பக்கமும் உப்பச் செய்யும், பக்கத்துப் பல் வேர்களைக் கத்தியால் சீவியதுபோல் கரைக்கும். சோப்பு நுரை போன்ற அறைகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் இளவயதினருக்கு வரும் ஒற்றை அறை வகை அப்படியே டென்டிஜரஸ் நீர்க்கட்டி மாதிரி தோன்றி ஏமாற்றும். இந்த மூன்றையும் எழுதி, எது முதல் சந்தேகம், ஏன் என்று ஒரு வரி சேர்த்தாலே ரிப்போர்ட் உபயோகப்படும்.

பதின்ம வயதுப் பெண்ணுக்கு மேல்தாடைக் கோரைப்பல் முளைக்காமல், நிழல் பல் கழுத்தைத் தாண்டி வேர்வரை இறங்கி, உள்ளே வெள்ளைத் துகள்கள் சிதறியிருந்தால் அது அடினோமடாய்ட் ஓடோண்டோஜெனிக் ட்யூமர் என்ற தீங்கற்ற கட்டியாக இருக்கலாம். அதைச் சுற்றிச் சுரண்டி எடுத்தால் போதும், திரும்ப வருவது அபூர்வம். பால் பல் விழாமல், அடியில் குட்டிப் பற்கள் கொத்தாகத் தெரிந்தால் அது ஓடோண்டோமா, பல் திசுவே ஒழுங்கில்லாமல் வளர்ந்த கட்டி. நடுத்தர வயதுப் பெண்களின் கீழ் முன்பற்களின் வேர்நுனியில் தெரியும் நிழலைப் பார்த்ததும் வேர் சிகிச்சைக்கு அனுப்பிவிடாதீர்கள். முதலில் பல் உயிரோடு இருக்கிறதா என்று குளிர்ச்சி வைத்துப் பாருங்கள். உணர்வு இருந்தால் பெரும்பாலும் அது சிமென்டோ-ஆசியஸ் டிஸ்ப்ளேசியா என்ற தீங்கற்ற எலும்பு மாற்றம்தான், தொடாமல் கண்காணித்தால் போதும். பயாப்ஸி (திசுச் சோதனை) முடிவில் ஜெயன்ட் செல் (பெரிய செல்கள் நிறைந்த கட்டி) என்று வந்தால், கத்தி எடுக்கும் முன் ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்க வேண்டும். பாராதைராய்டு கோளாறால் வரும் பிரவுன் ட்யூமரும் ஸ்லைடில் அதே தோற்றம்தான்.

கீழுதடும் முகவாயும் காரணமில்லாமல் மரத்துப்போவது, நல்ல பல் திடீரென ஆடுவது, பல்லைப் பிடித்த எலும்பே கரைந்து படத்தில் பல் மிதப்பதுபோல் தெரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் குன்னூரில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். புற்றுநோயாகவும் இருக்கலாம், நேரே கோயம்புத்தூரில் பெரிய மருத்துவமனைக்கு இறங்குங்கள்.

இனி திசு. வெட்டுவதற்கு முன் 18 கேஜ் ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது கட்டாயம். வைக்கோல் நிற நீர் வந்தால் நீர்க்கட்டிப் பக்கம், வெண்ணெய்க் குழம்பு போல வந்தால் கெரட்டோசிஸ்ட், ஒன்றுமே வராவிட்டால் பெரும்பாலும் கெட்டியான கட்டி. சிவப்பு ரத்தம் பீறிட்டு வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். சீழ் பிடித்த இடத்தில் ஒரே ஒரு துணுக்கு எடுத்தால் கெரட்டோசிஸ்ட்டின் தனி அடையாளங்கள் அழிந்து 'அழற்சியுள்ள நீர்க்கட்டி' என்று மட்டுமே ரிப்போர்ட் வரும். இரண்டு மூன்று இடத்தில் எடுங்கள், சுவரில் தடித்த பகுதியை விடாதீர்கள், இடுக்கியால் நசுக்காதீர்கள்.

மையம் கொடுக்கும் பாட்டில் சிறியது, வாயும் குறுகல். அகல வாய்ப் பாட்டில் நீங்களே கொண்டுபோங்கள். திசு கெடாமல் காக்கும் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், திசுவைப்போல் குறைந்தது 10 மடங்கு ஊற்ற வேண்டும். ஸ்பிரிட்டும் சலைனும் கூடாது. குளிர்காலத்தில் ஊட்டி, குன்னூர் அறைகளில் வைத்த கெட்டி ஃபார்மலின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தக் கலங்கல் கேனிலிருந்து நீர்த்துக் கொடுத்தால் வீரியம் குறைவாக இருக்கும், வாங்காதீர்கள். குளிரில் திசுவுக்குள் மருந்து ஊறுவதும் மெதுவாகத்தான். எனவே பார்சல் அறை வெப்பத்தில் இருக்கட்டும், ஐஸ் வேண்டாம். அக்டோபர், நவம்பர் மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் பார்சல் கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போகும், ஒரு நாள் கூடும். ஃபார்மலினில் இருக்கும் திசுவுக்கு அதனால் கேடில்லை, மூடி இறுக்கமாக இருந்தால் சரி.

லேப் படிவத்தில் மையத்து ஊழியர்கள் பெயரும் வயதும் மட்டும் எழுதுகிறார்கள். எந்தப் பல் பகுதி, எத்தனை மாத வீக்கம், ஊசியில் என்ன வந்தது, முதல் சந்தேகம் என்ன என்பதை மருத்துவர் எழுதி, ஓபிஜி பிரதியையும் சேர்த்து ஒட்ட வேண்டும். படத்தைப் பார்க்காமல் தாடை எலும்பு ஸ்லைடை வாசிப்பது நோயியல் நிபுணருக்கு அரைக் குருட்டு வேலை. எலும்புத் துண்டு இருந்தால் சுண்ணாம்பு நீக்க நாள் பிடிக்கும். பிராஃப் (BRAF, அமிலோபிளாஸ்டோமாவில் பார்க்கும் மரபணு) சோதனை தேவைப்படலாம் என்று தோன்றினால், வீரியமான அமிலம் வேண்டாம், இடிடிஏ (சுண்ணாம்பை மெதுவாக நீக்கும் ரசாயனம்) போதும் என்று படிவத்திலேயே எழுதுங்கள். அமிலம் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும்.

பழைய ரிப்போர்ட்டோடு வருபவர்கள் கவனிக்க: 2005-ல் உலக சுகாதார நிறுவனம் கெரட்டோசிஸ்ட்டைக் கட்டிப் பட்டியலில் சேர்த்தது, 2017-ல் திரும்ப நீர்க்கட்டிக்கே மாற்றியது. இடைப்பட்ட ஆண்டுகளின் தாளில் 'ட்யூமர்' என்று இருந்தால் புதிய நோய் என்று பயப்பட வேண்டியதில்லை. பெயர் எதுவானாலும் அது திரும்ப வரும் சுபாவமுள்ளது, ஆண்டுதோறும் படம் எடுக்க இதே மையம் தாராளமாகப் போதும். அப்போது முதல் டைகாம் கோப்பையும் கையில் எடுத்துப் போங்கள், ஒப்பிட்டு அளந்து தரச் சொன்னால் செய்கிறார்கள்.