சிங்கப்பூர் – பினாங்கு – புக்கெட் சொகுசுக் கப்பல்: அறையும் சாப்பாடும் ஊழியர்களுக்கான டிப்ஸும்

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துவிட்டு மறுபடியும் சிங்கப்பூரிலேயே இறங்கும் நான்கு இரவுக் கப்பல் பயணத்தை நாகர்கோவில் பக்கத்துப் பயண முகவர்களும் இப்போது விற்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது வசதியான வழிதான். மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், மாமியார் ஆகியோருடன் ஒரு குழுவில் சேர்ந்து இந்தப் பயணத்தை முடித்துவிட்டு வந்திருக்கிறேன். கப்பல் நன்றாக இருந்தது. அதில் வேலை செய்கிறவர்கள் அதைவிட நன்றாக இருந்தார்கள். ஆனால் பயணத்தை விற்ற விதம் சரியில்லை. இந்த மூன்றையும் பற்றி, இனிமேல் போகப்போகிறவர்களுக்குப் பயன்படும்படி எழுத விரும்புகிறேன்.

அறையில் தொடங்குகிறேன். ஜன்னலே இல்லாத உள்ளறை, கண்ணாடி ஜன்னல் வைத்த அறை, பால்கனி அறை என்று விலை படிப்படியாக ஏறுகிறது. முதியவர்கள் உடன் வந்தால், பணம் கொஞ்சம் கூடினாலும் பால்கனி அறையையே எடுக்கலாம், ஏனென்றால் பகலும் இரவும் தெரியாத உள்ளறையில் அவர்களுக்குத் தூக்கம் குழம்பிப்போகிறது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் இருக்கும் அறைகளில் ஆட்டம் குறைவாகத் தெரியும். ஆனால் இந்தப் பாதையில் அதற்காகப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. சுமத்ரா தீவு ஒரு பக்கம் மறைத்து நிற்பதால் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியாகவே கிடக்கிறது. கப்பலின் அடிப்பகுதியில் இருபுறமும் நீளும் துடுப்பு போன்ற தகடுகள் மிச்சமிருக்கும் ஆட்டத்தையும் அடக்கிவிடுகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் முட்டத்திலும் குளச்சலிலும் கடல் எழும்புவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, இதுவும் கடல்தானா என்றே தோன்றியது.

கப்பல் புறப்படுவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி நடக்கிறது. அதை ஒவ்வொரு பயணியும் முடித்தாக வேண்டும். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எந்த இடத்தில் கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லித்தருகிறார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்யோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு இந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சர்வதேச விதி இறுக்கப்பட்டது. எங்கள் குழுவில் சிலர் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே செல்ஃபி எடுத்துக்கொண்டும், விளக்கிச் சொன்ன பெண்ணைக் கேலி செய்துகொண்டும் நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கரையோரம் முழுக்க எத்தனை வீடுகளில் ஆண்கள் திரும்பி வரவில்லை என்பது நம் மாவட்டத்தில் யாருக்கும் தெரியாததல்ல. அந்த மண்ணிலிருந்து போகிறவர்கள் அந்தப் பத்து நிமிடமாவது கவனமாக நிற்க வேண்டும்.

சாப்பாட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை. பஃபே கூடத்தில் ஓர் இந்தியப் பகுதி தனியாக இருந்தது. பருப்பு, பிரியாணி, பனீர், நான் எல்லாம் தாராளமாகக் கிடைத்தன. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முதல் நாளே உணவுக்கூடத்தின் தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டால், மறுநாள் முதல் தனியாகச் சமைத்துத் தருகிறார்கள். மீன் விஷயத்தில் மட்டும் நம் ஊர்க்காரர்கள் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். உறையவைத்த மீனை ஆவியில் வேகவைத்து, மேலே எலுமிச்சைத் துண்டு ஒன்றை வைத்துத் தருவது, தேங்காய் அரைத்த மீன்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு ஏறாது. என் மாமியார் இரண்டாம் நாளே கஞ்சிக்கு ஏங்கத் தொடங்கினார். சீன உணவுப் பகுதியில் காலையில் அரிசிக் கஞ்சி வைப்பதை மகள் கண்டுபிடித்த பிறகுதான் அவருக்கு நிம்மதி.

கப்பலுக்குள் நிலவும் சூழ்நிலை தளத்துக்குத் தளம் மாறுகிறது. நீச்சல்குளத் தளத்தில் காலை பத்து மணிக்கே பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. விடிவதற்கு முன்பே சாய்வு நாற்காலிகளில் துண்டைப் போட்டு இடம்பிடித்துவிட்டு, மதியம்வரை அந்தப் பக்கமே வராதவர்களும் இருக்கிறார்கள். சூதாட்டக் கூடம் துறைமுகத்தை விட்டு வெளியே போன பிறகே திறக்கிறது. அதன் வழியாக நடந்தால் சிகரெட் புகை துணியில் ஒட்டிக்கொள்கிறது. நாடக அரங்கில் இரவு நடந்த பாட்டும் ஆட்டமும் உண்மையாகவே தரமானவை. எனக்கு மிகவும் பிடித்தது படகுகள் தொங்கும் தளத்தைச் சுற்றி ஓடும் நடைபாதைதான். மாலையில் அங்கே கூட்டமே இல்லை. மாமியாரைக் கைபிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு போனால், கடல் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காது. முதியவர்களோடு போகிறவர்கள் அந்த இடத்தை முதல் நாளே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

துறைமுகங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே கட்டப்படுவதால், இறங்கி நடந்தே லிட்டில் இந்தியாவுக்கும் 1833இல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோயிலுக்கும் போய்வரலாம். கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவுக்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. புக்கெட்டில் கப்பல் கரைக்கு வராமல் கடலில் நங்கூரமிட்டு நிற்கிறது. சிறு படகில் மாறி ஏறித்தான் போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் அன்று கப்பலிலேயே இருந்துவிடுவது நல்லது. சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறையும் நுழைய வேண்டியிருப்பதால், விசா ஒருமுறை மட்டும் நுழைய விடுவதா, பலமுறை நுழைய விடுவதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி டிப்ஸ் விஷயம். எங்கள் குழுவில் கடைசி இரவு மனக்கசப்பு வந்ததே இதனால்தான் என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் ஆளுக்கு நாளொன்றுக்குச் சேவைக் கட்டணம் என்ற பெயரில் ஒரு தொகையைப் பயணியின் கணக்கில் தாமாகவே சேர்த்துவிடுகின்றன. சாதாரண அறைகளுக்கு அது ஏறக்குறைய 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை இருக்கும். குழந்தைகளுக்கும் வசூலிக்கும் நிறுவனங்கள் உண்டு. நாளொன்றுக்கு 18 டாலர் என்று வைத்துக்கொண்டால்கூட, நான்கு பேர் நான்கு இரவுக்கு 288 டாலர், அதாவது நம் பணத்தில் ஏறக்குறைய 25,000 ரூபாய் ஆகிறது. இதைத் தவிர, பாரில் வாங்கும் பானங்களுக்கும் மசாஜ் போன்றவற்றுக்கும் பெரும்பாலும் 18 சதவீதம் தனியாகச் சேர்க்கிறார்கள். அந்த ரசீதில் கையெழுத்துக்கு மேலே, கூடுதல் டிப்ஸ் எழுதுவதற்கென்று ஒரு கோடு காலியாக இருக்கும். 18 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருப்பது தெரியாமல் அதிலும் ஒரு தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள்.

எங்களுக்கு டிக்கெட் விற்ற முகவர் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ‘அனைத்தும் அடக்கம்’ என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார். கடைசி இரவு கணக்கைப் பார்த்தபோது குழுவில் பலருக்கும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை நான் முழுமையாக நியாயம் என்றே சொல்வேன். ஆனால் அதை யார்மேல் காட்டுவது என்பதில்தான் அவர்கள் தவறினார்கள். வரவேற்பு மேஜையில் போய்க் கேட்டால் இந்தக் கட்டணத்தைக் குறைக்கவோ நீக்கவோ பல நிறுவனங்களில் வழி இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு அங்கே ஒரு வரிசையே நின்றது. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர் என்னையும் கூப்பிட்டார். “கம்பெனி அவனுவளுக்குச் சம்பளம் குடுக்குதுல்லா அண்ணே, நாம எதுக்குத் தனியா குடுக்கணும்? வாங்க, நாமளும் எழுதிக் குடுத்திருவோம்” என்றார்.

நான் போகாததற்குக் காரணம், எங்கள் அறையைக் கவனித்துக்கொண்ட பையன். குறும்பனைப் பக்கத்தைச் சேர்ந்தவன். எங்கள் முகவரியில் நாகர்கோவில் என்று பார்த்ததும் அவனே வந்து ஊரைச் சொன்னான். குளியலறையின் உயரமான வாசல்படியைத் தாண்ட என் மாமியார் தயங்கியதை முதல் நாளே கவனித்துவிட்டான். நாங்கள் கேட்காமலேயே வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து, மண்டியிட்டு அதன் நான்கு மூலைகளையும் கையால் அழுத்தி ஒட்டினான். கால் வைக்கும் இடம் ஈரமாக இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். பிறகு குளிக்கும்போது உட்கார ஒரு சிறிய நாற்காலியையும் கொண்டுவந்து வைத்தான். இரவு தோறும் ஒரு ஃபிளாஸ்கில் வெந்நீர் வந்துவிடும். மாமியாருக்கு அவன் பேரனாகவே ஆகிவிட்டான். “மக்களே, நீ சாப்பிட்டியா?” என்று அவர் கேட்காத நாள் இல்லை. “சாப்பிட்டாச்சு பாட்டி” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு ஓடுவான்.

ஓடத்தான் வேண்டும். பதினைந்துக்கும் மேற்பட்ட அறைகள் அவன் பொறுப்பில் இருந்தன. ஒரு கூட்டம் காலையில் இறங்கி மறு கூட்டம் மதியம் ஏறும் நாளில், அந்த இடைவெளிக்குள் அத்தனை அறைகளையும் துப்புரவாக்கி, விரிப்பு மாற்றி முடித்தாக வேண்டும். ஒப்பந்தம் முடியும் வரை வாரவிடுமுறை என்று ஒன்று கிடையாது. 2013இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி ஓய்வு நேரம் நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் இருக்க வேண்டும். கடலில் வேலை செய்கிறவர்களுக்கு இது முக்கியமான பாதுகாப்பு என்றாலும், மீதி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் அது நம் அலுவலகத்தில் யாரும் ஒப்புக்கொள்ளாத உழைப்பு. இந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளில் பதிவாகி, அவற்றின் கொடியில் ஓடுகின்றன. ஊழியர்களுக்குத் தரும் ஊதியத்தில் ஒரு பங்கு பயணிகளின் சேவைக் கட்டணத்திலிருந்தே வரும்படி பல நிறுவனங்கள் கணக்கை அமைத்திருக்கின்றன.

டிப்ஸைப் பற்றிப் பயணிகளிடம் அவர்களாகப் பேசக்கூடாது. நான் வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் அந்தப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “நீங்க கையில தனியா ஒண்ணும் தரலன்னாலும் பரவாயில்ல சார், கணக்குல இருக்கத மட்டும் எடுத்துராதீங்க. அது எனக்கு மட்டும் இல்ல, உள்ள துணி துவைக்கவங்களுக்கும், சாப்பாட்டு ஹாலுல நிக்கவங்களுக்கும் சேர்த்துப் போவுது.” அதனால் அந்த 288 டாலரையும் நான் கூலியாகவே பார்க்கிறேன். பயணி இரக்கப்பட்டால் தருவது, மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்வது என்ற கணக்கில் அது வராது. கவனிப்பில் குறை இருந்தால் முதல் நாளோ இரண்டாம் நாளோ மேலாளரிடம் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். எந்தக் குறையும் சொல்லாமல் எல்லா வேலையையும் வாங்கிக்கொண்டு, கடைசி இரவில் வரிசையில் நின்று அதை நீக்குவது ஒருவருடைய கூலியைப் பிடிப்பதுதான்.

கப்பல் நிறுவனங்கள்மீதும் எனக்கு வருத்தம் உண்டு. சீபோர்ன், சில்வர்சீ போன்ற விலை உயர்ந்த நிறுவனங்கள் டிப்ஸையும் சேர்த்தே டிக்கெட் விலையைச் சொல்கின்றன. மற்ற நிறுவனங்களும் அப்படிச் செய்தால் விளம்பர விலை கூடித் தெரியும் என்பதைத் தவிர இதைத் தள்ளிப்போட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த விளம்பர லாபத்துக்காகப் பயணியையும் ஊழியரையும் எதிரெதிரே நிறுத்துவது நேர்மையான வியாபாரம் ஆகாது.

கையில் தனியாகக் கொடுக்க விரும்புகிறவர்கள் டாலர் நோட்டாகவே கொடுங்கள். நாணயங்களை அவர்கள் ஊரில் மாற்ற முடியாது. பரிமாறுபவர்களில் பலர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாக்காரர்கள் என்பதால் இந்திய ரூபாயும் அவர்களுக்கு உதவாது. இறங்கும் நாள் காலையில் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். முந்தைய மாலையே பெயர் எழுதிய உறையில் போட்டு நேரில் கொடுப்பது நல்லது. நிறுவனம் அனுப்பும் கருத்துப் படிவத்தில் நன்றாகக் கவனித்தவரின் பெயரைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது அவர்களுக்கு உதவும் என்று அந்தப் பையன் சொன்னான்.

இதையொட்டி ஊரில் பிள்ளைகளைக் கப்பல் வேலைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் பணம் வசூலிப்பதை நான் மேலே சொன்ன அதே உடன்படிக்கை தடைசெய்கிறது. இந்தியாவில் கப்பல் ஆள்சேர்ப்பு நிறுவனங்களுக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுப்பதற்கு முன், அந்த உரிமம் இருக்கிறதா என்று இயக்குநரகத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

மொத்தத்தில் கப்பலுக்கும் சாப்பாட்டுக்கும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், ஊழியர்களின் கவனிப்புக்கு முழு ஐந்து, முகவரின் விற்பனை முறைக்கு ஒன்று. முன்பணம் கட்டுவதற்கு முன்பே சேவைக் கட்டணம், துறைமுக வரி, விசா, கப்பலில் இணையம் ஆகிய நான்கும் விலைக்குள் அடங்குமா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித்தரத் தயங்கும் முகவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம்.