வீட்டு ஒலிப்பதிவில் எதிரொலி: பஞ்சு வாங்கும் முன் செய்ய வேண்டியது

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் சில ஆண்டுகளாகத் தேவாரமும் பஜனைப் பாடல்களும் பதிவு செய்து வருகிறோம். தங்கை பாடுவாள், தம்பி மிருதங்கம். இரண்டு ஷூர் எஸ்எம்58 மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஸ்கார்லெட் 2ஐ2 பெட்டி ஒன்று, ரீப்பர் மென்பொருள், காதை மூடும் ஹெட்ஃபோன். அவ்வளவுதான் எங்கள் ஸ்டூடியோ. இதை வைத்துச் சொல்கிறேன்: எதிரொலி கேட்டதும் சுவரில் ஒட்டும் பஞ்சுக்கு வெள்ளியைச் செலவழிக்காதீர்கள். சத்தம் அறையிலிருந்து வருகிறதா, கணினிக்குள்ளிருந்தா என்று முதலில் பாருங்கள்.

மைக் வயரைக் கழற்றிவிட்டு, பழைய டிராக்கை ஓடவிட்டு, புது டிராக்கில் பதிவு செய்யுங்கள். மைக் இல்லாமலே பாட்டு பதிவானால் அறையின் மேல் பழி இல்லை. இன்புட்டில், கணினியில் ஓடும் ஒலியையே திரும்பப் பதிவு செய்யும் லூப்பேக்கோ ஸ்டீரியோ மிக்ஸோ தேர்வாகியிருக்கும். மாற்றினால் தீர்ந்தது.

பாடும்போது மட்டும் குரல் இரட்டையாகக் கேட்டு, பதிவில் சரியாக இருந்தால் அது வேறு சங்கதி. ஸ்கார்லெட்டிலிருந்து நேராகக் காதுக்கு வரும் டைரக்ட் மானிட்டர் வழியாக ஒரு குரல், ரீப்பரைச் சுற்றிக்கொண்டு இன்னொரு குரல். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) மட்டுமே ஏறக்குறைய 11.6 மில்லி வினாடி தாமதம். 128க்கு இறக்கினால் 2.9. இடைவெளி குறையும், ஆனால் குரல் தகர டப்பாவுக்குள் பாடுவதுபோல் ஆகிவிடும். ரீப்பரில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை அணைப்பதே வழி.

எங்களை அதிகம் படுத்தியது சுருதிக் கசிவு. ஒரு காதைத் திறந்து வைத்தால்தான் தங்கைக்குச் சுருதி நிற்கும். திறந்த பக்கத்து ஹெட்ஃபோனிலிருந்து சுருதியும் தாளமும் நேராக மைக்குக்குள் போகும். பிறகு கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) போட்டுக் குரலைத் தூக்கினால், அடிகளுக்கு நடுவே அவையும் சேர்ந்து எழும்பும். பாடுபவரைக் காதை மூடச் சொல்வது நியாயமில்லை. இப்போது சுருதி, தாளம் இரண்டையும் மூடிய காதுப் பக்கமே ஒதுக்கி, அதாவது பான் செய்துவிடுகிறோம். கசிவு அடங்கியது, அவளும் நிம்மதியாகப் பாடுகிறாள்.

அறை எதிரொலி நிஜமாகவே இருந்தால் கை தட்டிப் பாருங்கள். தரை ஓடும் வெறும் சுவரும் 'ட்ர்ர்' என்று பதில் சொல்லும். மைக் பார்ப்பது பாடுபவரையும் அவர் பின்னால் இருக்கும் சுவரையும்தான். அங்கே கனமான தோத்தோ மெத்தை ஒன்றைத் தொங்கவிட்டோம். மெல்லிய பஞ்சு கீச்சொலியைத்தான் குறைக்கும், அடித்தொனியைத் தொடாது.

இருவரும் சேர்ந்து பதிவு செய்யும்போது தம்பி, குரல் மைக்கின் நேர் பின்னால் உட்காருவான். முன்பக்கத்தை அதிகம் கேட்கும் கார்டியாய்டு மைக்குக்குக் காது மந்தமான இடம் அதுதான். அப்படியும் மிருதங்கத் தொப்பியின் கும்கி, அந்தக் கனத்த அடித்தொனி, வரும். குரல் டிராக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுகிறோம். தங்கையின் குரலுக்கு அதனால் குறை எதுவும் இல்லை.