கிராண்ட் கன்யனுக்குக் கொழும்பில் கால் பழக்குவது: திடலா, மலையா, மாடிப்படியா?

ரொறொன்ரோவில் இருக்கும் மச்சான் ஆறு மாதத்துக்கு முன்பே காசைக் கட்டிவிட்டான். ஒக்டோபரில் அரிசோனாவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கு. வழிகாட்டியோடு மூன்று நாள். சவுத் கைபாப் பாதையால் இறங்கி, கொலராடோ ஆற்றுக்குப் பக்கத்தில் இரண்டு இரவு தங்கி, பிரைட் ஏஞ்சல் பாதையால் ஏற வேண்டும். அனுமதிச்சீட்டு, கூடாரம், சமையல் எல்லாம் வழிகாட்டிகள் பாடு. முழங்கால் மட்டும் என் பாடு. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அதைத் தயார் பண்ண மூன்று வழி இருந்தது, மூன்றையும் செய்து பார்த்தேன்.

முதலில் ஒரு கணக்கு. சவுத் கைபாப் தொடங்கும் இடத்தின் உயரம் ஏறத்தாழ 2,210 மீற்றர். சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீற்றர். நம் யாத்திரை முடிகிற உயரத்தில் அங்கே நடையே தொடங்குகிறது. அங்கிருந்து 11 கிலோமீற்றருக்குள் 1,450 மீற்றர் இறக்கம். திரும்பி ஏறும் பாதை 15 கிலோமீற்றர். மலையில் களைத்தால் பாதியில் இறங்கிவிடலாம். கன்யனில் களைக்கிற நேரத்தில் வீடு தலைக்கு மேலே இருக்கும்.

காலிமுகத்திடல் நடையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடற்காற்று, சமதரை, முடிவில் இறால் வடை. புதுச் சப்பாத்தைப் பழக்கவும், பையின் வார் தோளில் எங்கே உரசுகிறது என்று பார்க்கவும் நல்ல இடம். தொடைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

சிவனொளிபாதமலைக்கு ஏப்ரலில் போனேன். நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துச் சொச்சம் படி, கிட்டத்தட்ட 1,000 மீற்றர் ஏற்றம். மூன்றிலும் இதுதான் அசல் பரீட்சை, சந்தேகமே இல்லை. ஆனால் பருவம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைதான். பயிற்சி வேண்டிய ஜூலை, ஓகஸ்டில் அங்கே மழை, இருட்டு, அட்டை. அதோடு ஹட்டனுக்குப் போய் வர ஒரு வார இறுதி முழுசாகப் போய்விடும். ஒருதரம் போய் நம் நிலைமையை அறிந்துகொள்ளலாம், வாரா வாரம் போக ஏலாது.

மிஞ்சியது எங்கள் தொடர்மாடியின் படிக்கட்டு. பத்து மாடி, மாடிக்கு மூன்று மீற்றர் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 30 மீற்றர். கன்யனின் இறக்கத்துக்கு 48 சுற்று வேண்டும். நான் ஒரு மாலையில் பன்னிரண்டு போகிறேன், அதாவது கால்வாசி. பையில் ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டு. முதல் வாரம் ஒரு பிழை விட்டேன். ஏறிவிட்டு லிப்டில் இறங்கினேன். மூச்சு வாங்கியதால் உடம்பு தேறுகிறது என்று நினைத்தேன். உண்மையில் இறங்கும்போதுதான் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, அதுதான் தசையைக் காயப்படுத்துகிறது. அந்த நோவு உச்சத்துக்கு வர ஒன்றிரண்டு நாள் எடுக்கும். முதல் நாள் இறங்கினால், ஏறத் தொடங்கும் நேரத்தில் சரியாக வந்து நிற்கும். இப்போது இறக்கத்தைத்தான் எண்ணுகிறேன். லிப்ட் பழுதா என்று செக்யூரிட்டி ஐயா இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

என் தீர்ப்பு படிக்கட்டுக்குத்தான். பார்க்க ஒன்றுமில்லை, சுவரும் சாம்பார் வாசமும்தான். ஆனால் வாரத்தில் நான்கு நாள் செய்யலாம். மலைக்கு அப்படிப் போக ஏலாது, திடலில் தொடைக்கு வேலை இல்லை.

சப்பாத்தில் போட்டி கணுக்கால் மூடிய தோல் பூட்ஸுக்கும் லேசான ஓட்டச் சப்பாத்துக்கும். அலுமாரியில் ஐந்து வருடம் கிடந்த பூட்ஸைத்தான் மலைக்குப் போட்டுப் போனேன். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. இறங்கும்போது இடது பூட்ஸின் அடி வாயைப் பிளந்தது. கொழும்பு ஈரப்பதம் போடாத சப்பாத்தையும் தின்னும். கடைசியில் வலைத்துணி வைத்த ஓட்டச் சப்பாத்தை, அரை அளவு பெரிதாக எடுத்தேன். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்கும், நகம் கறுத்துப்போகும். மண் உள்ளே போகத்தான் செய்யும், தட்டிவிட்டுப் போடலாம். இரவில் தேள் ஏறியிருக்கலாம் என்பதால் காலையில் எப்படியும் தட்டத்தான் வேண்டும்.

தண்ணீருக்கு, குழாய் வைத்த பையா போத்தலா? குழாய்ப் பை வசதி, நடந்தபடியே உறிஞ்சலாம். ஆனால் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. சவுத் கைபாப் பாதையில் குடிதண்ணீரே கிடையாது, அங்கே அது பெரிய குறை. என்னுடைய குழாயில் இரண்டு வாரத்தில் கறுப்பாகப் பூஞ்சணமும் பிடித்தது. போத்தல்தான் சரி. நான்கு லீற்றர் என்றால் நான்கு கிலோ, அதை அரிசிக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு போவதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலை சுற்றும், வாந்தி வரும், மோசமானால் வலிப்பும் வரும். இங்கே வேர்த்தால் பனியன் நனைந்து தெரியும். அங்கே காற்று உலர்ந்தது, வேர்வை பட்டவுடன் ஆவியாகிவிடும். உடுப்பில் வெள்ளைக் கோடு மட்டும்தான் மிஞ்சும். சத்து பாருக்கும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூளான ஜீவனிக்கும் இடையில் நான் ஜீவனி, மிக்சர், கச்சான் பக்கம். உப்பும் இருக்கிறது, வாய்க்கும் பிடிக்கும்.

வெயிலுக்கு நான் பயப்படவில்லை. ஜூனில் பள்ளத்தின் அடி 40 பாகை செல்சியஸைத் தாண்டும், ஒக்டோபரில் முப்பதையொட்டித்தான் இருக்கும், அது நமக்குத் தெரிந்த சூடு. மேலே விளிம்பில் அந்த மாத இரவு 2 பாகைவரை இறங்கும், அது தெரியாத குளிர். போன கிழமை புறக்கோட்டையில் ஒரு கம்பளித் தொப்பி பார்த்தேன். “நுவரெலியாவுக்கா?” என்று கேட்டார் கடைக்காரர். ஓம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.