மூலிகை என்று நம்பி 1,280 வெள்ளி போனது. ஓட்டப்பந்தயப் பிள்ளைகள் உள்ள வீட்டினர் படியுங்கள்

நேற்று ராத்திரி அந்தக் கடைக்காரர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தம்பிக்கு 17 வயது, 400 மீட்டர் ஓடுகிறான். மாநில அணித் தேர்வுப் போட்டி நெருங்கியதால், பட்டர்வொர்த்தில் ஜிம் பக்கத்தில் சத்து மாத்திரை விற்கும் ஒரு கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். "ஊக்கமருந்து சோதனை இருக்கும் அண்ணே, பிரச்சினை வராதே?" என்று இரண்டு தடவை கேட்டேன். "எல்லாம் மூலிகைம்மா. என் மகனும் ஓடுறான், அவனுக்குக் கொடுக்காததையா உன் தம்பிக்குக் கொடுப்பேன்?" என்றார். மகன் பேரில் பேசியதும் நம்பிவிட்டேன். மூன்று போத்தல், 1,280 வெள்ளி, ரொக்கம். அம்மா தீபாவளிக்குச் சேர்த்த காசு.

நாலாம் நாளே "நெஞ்சு படபடன்னு அடிக்குதுக்கா" என்றான். பயிற்சிக் களைப்பு என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

கோச்தான் போத்தலைத் திருப்பிப் படித்தார். ஜெரேனியம் சாறு என்ற பூப்பெயருக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் மெத்தில்ஹெக்ஸனமின் என்ற ஊக்கமருந்து. போட்டியின்போது உடம்பில் இருக்கவே கூடாது என்று வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) தடை செய்த பொருள். தேர்வில் அவனை ஓட விடவில்லை. 2014இல் நம்ம மலேசியப் பேட்மிண்டன் வீரர் லீ சோங் வெய்க்கு நடந்ததை நினைவுபடுத்தினார். கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை மூலிகைக் கேப்ஸ்யூலில் கலந்திருந்த டெக்ஸாமெத்தசோன், அதுவும் போட்டியின்போது தடை செய்யப்பட்ட மருந்து. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று விசாரணைக் குழு ஒத்துக்கொண்டும் 8 மாதத் தடை, உலகப் போட்டிப் பதக்கமும் போனது. உடம்பில் இருந்தால் விளையாடியவன்தான் பொறுப்பு. விற்றவனை யாரும் கேட்க மாட்டார்கள்.

கடைக்குப் போனால் "பாஸ் இல்லை". மறுநாளும் "பாஸ் இல்லை", உள்ளே அவர் குரல் கேட்கிறது. அப்புறம் "திறந்த போத்தலை எடுக்க மாட்டோம்" என்றார்கள். இரண்டு போத்தல் சீல்கூட உடைக்கவில்லை! கடைசியாக வாட்ஸ்அப்பில், "உன் தம்பிக்கு ஏற்கெனவே நெஞ்சு வீக்கா இருந்திருக்கும்." 1,280 வெள்ளி வாங்கியவர் பேசும் பேச்சா இது?

வாங்கும்முன் கவனிக்க வேண்டியதை விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சுகாதார அமைச்சின், MAL என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராமும் இல்லாத கேப்ஸ்யூலை வாங்காதீர்கள். அது இருந்தாலும் கோச்சிடம் காட்டாமல் பிள்ளை வாயில் போட வேண்டாம். ரசீது கேளுங்கள். என்னிடம் இருப்பது கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு மட்டும்தான்.

திங்கட்கிழமை பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கிறேன். சீல் உடைக்காத அந்த இரண்டு போத்தலும் கூடவே வருகிறது.