மரத்தில் மாட்டிய பூனை: காத்திருப்பதா, ஏறி இறக்குவதா?

பூனையின் நகங்கள் பின்னோக்கி வளைந்தவை. ஏறும்போது கொக்கி போலப் பிடிக்கும். தலைகீழாக இறங்கும்போது பிடிமானமே இருக்காது. வால் பக்கமாகப் பின்வாங்கினால் இறங்கலாம், ஆனால் பல பூனைகளுக்கு அது தோன்றுவதே இல்லை.

கீழிருந்து அழைத்துக் காத்திருப்பது செலவில்லாத வழி. வாசனை தூக்கலான மீனை மரத்தடியில் வைத்து, நாயையும் கூட்டத்தையும் விலக்கிவிட்டால், அரவம் அடங்கியதும் சில பூனைகள் தானே இறங்கிவிடும். முதல் சில மணி நேரத்துக்கு இதுவே சரி. ஒரு நாள் தாண்டினால் நான் இதை நம்ப மாட்டேன். தண்ணீர் இல்லாமல் உடல் வற்றும். சில நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். காயமோ கடும் வெயிலோ இருந்தால், அல்லது குட்டி என்றால், அவ்வளவு நேரமும் கூடாது.

ஏறி இறக்குவது வேகமான வழி, ஆனால் யார் ஏறுகிறார் என்பதுதான் விஷயம். கயிறும் இடுப்பு வாரும் கட்டி மரமேறப் பழகியவர் மெதுவாக நெருங்கி, பேச்சுக் கொடுத்து, துணிப்பைக்குள் போட்டு இறக்குவார். அவசரப்பட்டால் பூனை இன்னும் உச்சிக்கு ஓடும். நீங்களே ஏணி போட்டு ஏறுவதா? பயந்த பூனை வளர்த்தவரையும் பிறாண்டும், கடிக்கும். உயரத்தில் அந்த ஒரு நொடி போதும். அப்புறம், தண்ணீர் பீய்ச்சுவதும் கிளையை உலுக்குவதும் வேண்டவே வேண்டாம்.